வெளியே வராத கார்டு

காவேரிக்கு நாற்பது லட்சம் வந்துவிட்டதாகச் சூளகிரி பேருந்து நிறுத்தத்தில் பேசிக்கொண்டார்கள். கிருஷ்ணகிரி போய்ச் சேர்வதற்குள் அது நாற்பத்தைந்து ஆயிற்று. அவள் பிறந்த சிங்காரப்பேட்டையில் அறுபது லட்சத்தோடு ஒரு வீட்டுமனையும் சேர்ந்துகொண்டது. தூரம் கூடக்கூட ஏறுவது பேருந்துக் கட்டணம் மட்டுமல்ல.

விசாரித்தால், ஒரு மழை நாளில் வக்கீல் தேவமணியின் காரிலிருந்து அவள் இறங்கியது உண்மை. அவ்வளவுதான் உண்மை. மிச்சமெல்லாம் அந்தக் கார் தெறிக்கவிட்டுப் போன சேறு.

காவேரியின் கணவன் மாதேஸ்வரன், சூளகிரிப் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஆறு வருடம் ஒப்பந்தத் தொழிலாளி. அங்கே ஒரு வழக்கம். மாதம் முழுக்க லீவு போடாதவனுக்குத் தனி போனஸ். ஆகவே கல்யாணம், காரியம் என்று ஒருவனுக்கு வந்தால், சொந்தக்காரன் தன் ஷிப்டை முடித்துவிட்டு இவன் கார்டைத் தேய்த்து இவன் ஷிப்டையும் பார்ப்பான். பின்னொரு நாள் இவன் அவனுக்குப் பார்ப்பான். மொய் மாதிரிதான், எழுதி வைக்க நோட்டு கிடையாது, ஆனால் யாரும் மறப்பதில்லை. சூப்பர்வைசர் தலைகளைத்தான் எண்ணுவார், முகங்களை அல்ல.

காவேரியின் தங்கை அனிதாவுக்கு வாய்த்தவன் பிரதாப், அதே தொழிற்சாலை. அவன் மகளுக்குக் காது குத்திய நாளில், அவனுடைய கார்டோடு இரண்டாம் ஷிப்டுக்குள் போனான் மாதேஸ்வரன். மாலை ஏழு மணிக்குக் கிரேனில் தொங்கிய இரும்பு அச்சு, சங்கிலி அறுந்து அவன்மேல் விழுந்தது.

காவேரி இழப்பீடு கேட்டாள். நிறுவனம் எழுத்தில் பதில் தந்தது: மாதேஸ்வரனின் ஷிப்ட் இரண்டரைக்கே முடிந்துவிட்டது, அதன்பின் அவர் அனுமதியின்றி உள்ளே இருந்தார். அதாவது, அனுமதியின்றி நுழைந்து, அனுமதியின்றி நானூறு உருப்படி செய்து கொடுத்துவிட்டு, அனுமதியின்றிச் செத்துப்போன மனிதர். அந்த நானூறு உருப்படியைத் திருப்பித் தருவதாக நிறுவனம் எங்கும் சொல்லவில்லை.

"கார்டு மாத்துனது தப்பாவே இருக்கட்டும்மா. ஆள் செத்துட்டா அந்தத் தப்பைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது" என்றார் தேவமணி. "ஆனா அந்நேரம் கம்பெனி வேலையைத்தான் பாத்தாருன்னு நாம காட்டணும். பிரதாப் வந்து சொன்னாத்தான் உண்டு."

பக்கத்து மெஷின்காரர்கள் யாரும் அன்று எதையும் பார்த்திருக்கவில்லை.

தங்கை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் காவேரி திட்டுகளை அடுக்கிக்கொண்டே போனாள். அனிதா டீயைக் கொடுத்துவிட்டு முந்திக்கொண்டாள். "இவரைப் பர்மனென்ட் பண்றேன்னு கூப்பிட்டுச் சொல்லியிருக்காங்கக்கா. நாலு வருசமா கேக்காத காது இப்பக் கேட்டிருக்கு."

"எதுக்குக் கேட்டுதுன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும். அதான் சொல்றேன்."

குழந்தையின் காதில் புதுக் கம்மல் ஆடியது. தான் அனிதாவாக இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று காவேரிக்குத் தோன்றிவிட்டது. அடுக்கிய திட்டெல்லாம் அங்கேயே சரிந்தது.

"பொய் சொல்லச் சொல்லல தம்பி. உள்ள போனது யாருன்னு மட்டும் சொல்லு" என்றாள் பிரதாபிடம்.

பிரதாப் தம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனான்.

இரண்டு வாய்தாவுக்கு அவன் வரவில்லை. மூன்றாவதுக்கு, கிருஷ்ணகிரியில் விசாரணை நடந்த அலுவலகத்துப் படியில் நின்றிருந்தான்.

"ரெஜிஸ்டரைப் பாத்தேன்க்கா. ரெண்டு நாப்பதுக்கு உள்ள போன எங்கார்டு வெளிய வரவே இல்ல. அதும்படி பாத்தா நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்" என்றான்.

உள்ளே அதிகாரி கேட்டார். "கார்டு உங்களுதா?"

"ஆமாங்க."

"நீங்க போகல?"

"இல்லீங்க. எம்பொண்ணுக்குக் காது குத்திட்டிருந்தேன். போனது எங்க சகலை."

"அப்ப வெளிய வந்ததுக்குப் பதிவு?"

"வந்தாத்தானுங்களே பதிவு."

நிறுவனத்தின் வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். அந்த மாத போனஸ் பிரதாபுக்கு வந்திருந்தது என்பதையும் தேவமணி காட்டினார். அன்று அவன் கார்டுக்கு வேலை நடந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டு பணம் போட்டிருக்கிறது.

உத்தரவு இன்னும் வரவில்லை. ஊர் சொல்லும் நாற்பது லட்சம், பதினான்கு லட்சத்துச் சொச்சமாக ஒரு கோப்புக்குள் கிடக்கிறது. பிரதாபுக்குப் பர்மனென்ட் போயிற்று, வேலையும் போயிற்று. ஓசூரில் வேறொரு காண்ட்ராக்டரிடம் வேலைக்குப் போகிறான். அனிதா அக்காவோடு பேசுகிறாள், கொஞ்சமாக.

காவேரிக்கு இப்போது மாம்பழக்கூழ் ஆலையில் வேலை. சென்ற ஞாயிறு காலை ஆலை வாசலில் பிரதாப் நின்றான்.

"கார்டைக் குடுக்கா. இன்னிக்கு நான் பாக்குறேன்."

"எதுக்கு? அதான் சாட்சி சொல்லிட்டியே."

"அது சாட்சி. ஷிப்ட் வேற. மாமாவுக்கு ஒண்ணு பாக்கி இருக்குது."

அவள் கையிலிருந்து உருவி அவன் நீட்டிய கார்டைக் காவலாளி திம்மராயன் வாங்கிப் பார்த்தார், பிறகு பிரதாபைப் பார்த்தார். "காவேரிக்கு மீசை எப்போ மொளச்சுது? போப்பா அந்தாண்ட."

காவேரி கார்டை வாங்கித் தேய்த்துக்கொண்டு உள்ளே போனாள். ஷிப்ட் இன்னும் பாக்கியாகவே இருக்கிறது.