தாழ்ப்பாள் போட்ட சைடு டிரம்

பேண்டு செட்டில் டிரம்பெட் பிசகினால் மாஸ்டர் மட்டும் முறைப்பார். சைடு டிரம் பிசகினால் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கூட எழுந்து வந்து முறைப்பார். தோளில் வார் மாட்டி இந்த டிரம்மைச் சுமக்கிற எல்லோருக்கும் இது தெரியும். சுமக்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். டிரம்மின் அடித்தோலை ஒட்டி மெல்லிய ஸ்பிரிங் கம்பிகள் ஓடும். அவற்றை இழுத்துப் பிடிக்கப் பக்கவாட்டில் ஒரு லீவர் இருக்கும். லீவரைத் தூக்கினால் கம்பிகள் தோலோடு ஒட்டி, அடி சடசடவென்று பொரியும். இறக்கிவிட்டால் வெறும் டொம் டொம். லீவர் உடைந்தால் என்ன பாடு என்பது அடித்தவர்களுக்குத்தான் தெரியும். கொல்லிமலையில் எங்கள் செட்டில் நான் ஒருத்திதான் பெண் என்பதால் என் பாடு கொஞ்சம் கூடுதல்.

பஸ்ஸில் உருண்டது

மலையடிவாரக் காரவள்ளியில் ஒரு கல்யாணம். மலைமேல் செம்மேட்டிலிருந்து காலை பஸ்ஸில் கீழே இறங்கிக்கொண்டிருந்தோம். டிரம்மை மடியில்தான் வைத்திருந்தேன். ஒரு வளைவில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றப் போகும் லாரி எதிரே ஏறி வர, பஸ் சடாரென்று நின்றது. என் கை முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தது, டிரம் கையை விட்டது. உருண்டு போய்ப் படிக்கட்டில் மோதி நின்றதை எடுத்துப் பார்த்தேன். தோல் கிழியவில்லை, மரத்தில் கீறல்கூட இல்லை. லீவர் மட்டும் பாதியாக உடைந்து, கம்பிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

எங்கள் மாஸ்டர் பெரியண்ணன், டிரம்பெட் ஊதுகிறவர், முன் சீட்டிலிருந்து எழுந்து வந்தார். டிரம்மை வாங்கி விரலால் தட்டிப் பார்த்தார். காலி டப்பா மாதிரிக் கேட்டது. திருப்பி என் மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்:

“நீ இன்னிக்கு ஜால்ரா புடிச்சுக்க மல்லிகா. கூட்டத்துல ஆரும் கவனிக்க மாட்டாங்க.”

எந்தக் கதவுக்கு?

ஜால்ரா எனக்கு எப்போதும் வராது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாஸ்டரிடம் அதைச் சொல்லிவிட்டு, ரோட்டோரம் இருந்த ஹார்டுவேர் கடைக்குள் போனேன். கடைக்காரர் அப்போதுதான் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். “என்ன வேணுங்க?” என்றார். என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. “இழுத்தா வரணும், விட்டா அப்படியே நிக்கணும். அப்படி என்ன இருக்குதுங்க?” என்றேன்.

அவர் முதலில் கதவு ஸ்பிரிங்கைக் காட்டினார். அது இழுத்தால் வந்தது, ஆனால் நிற்கவில்லை. பிறகு சன்னல் கொக்கி. அது நின்றது, இழுக்க முடியவில்லை. கடைசியில் நானே ஒரு சின்ன டவர் போல்டைக் கண்டெடுத்தேன், நாம் கதவுக்குப் போடுகிற அதே தாழ்ப்பாள். மேலே தள்ளித் திருப்பினால் அங்கேயே பூட்டிக்கொண்டு நிற்கும். லீவர் இருந்த இடத்தில் அதைச் செங்குத்தாக வைத்தோம். பழைய ஓட்டைகளில் ஒன்றுதான் பொருந்தியது. மற்றதற்கு அவர் டிரில்லிங் மெஷினை எடுத்து வந்தார். நல்ல மரத்தில் ஓட்டை விழும் சத்தம் என் பல்லில் கேட்டது. கம்பிகளைத் தாழ்ப்பாளோடு கட்ட, கொத்தனார்கள் மட்டம் பிடிக்கிற நைலான் நூலை வாங்கினேன். முதல் இழுப்பில் அறுந்தது. இரட்டையாகப் போட்டுக் கட்டித் தாழ்ப்பாளை மேலே தள்ளினேன். குச்சியால் ஒரு உருட்டு உருட்டினேன். சடசடவென்று பொரிந்ததில் அலமாரித் தட்டில் இருந்த வாஷர்கள் ஆடின.

கடைக்காரர் மெஷினைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “டிரம்முக்குத் தாழ்ப்பாள் போட்ட மொத ஆளு நீங்கதானுங்க. பூட்டு ஒண்ணும் வேணுங்களா?”

பெண்ணழைப்பு

கல்யாண வீட்டில் பெண்ணின் தாய்மாமன் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் என் டிரம் பட்டது. “மலையில இருந்து செட்டு புடிச்சா இப்படித்தான். டிரம்முக்குப் பொம்பள, அதுலயும் கக்கூஸ் தாழ்ப்பாள மாட்டியிருக்குது. ஏம்மா, நீ கடைசியில ஓரமா நில்லு” என்றார். மாஸ்டர் தரையைப் பார்த்தார். “கடைசியில நின்னா உங்களுக்குக் கேக்காதுங்க” என்று சொல்லிவிட்டு, பெண் உட்கார்ந்திருந்த காருக்கு நேர் முன்னால் போய் நின்றேன். தாழ்ப்பாளை மேலே தள்ளிவிட்டு உருட்ட ஆரம்பித்தேன்.

ஊர்வலம் பாதி ரோடு போனபோது, அடித்த அதிர்ச்சியில் தாழ்ப்பாள் தானாகத் திரும்பிச் சறுக்கி இறங்கிவிட்டது. டொம் என்றது டிரம். இடது கைப் பெருவிரலால் தாழ்ப்பாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் அடித்தேன். எவ்வளவு தூரத்துக்கு அப்படியே அடிக்க முடியும்? மாமன் என்னை நோக்கி வருவது தெரிந்தது. அதற்குள் கார் சன்னல் வழியாகக் கல்யாணப் பெண் கையை நீட்டினாள். அவள் விரலில் ஒரு ஊக்கு. தோளில் சேலை மடிப்பைப் பிடித்திருந்ததைக் கழற்றியிருந்தாள். பக்கத்தில் போய் வாங்கி, தாழ்ப்பாள் குமிழுக்குக் கீழே இருந்த இடுக்கில் குறுக்காகச் செருகினேன். பிறகு அது இறங்கவே இல்லை. மாமன் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார்; டிரம் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. பெண் சொன்னது மட்டும் கேட்டது:

“எஞ்சேலையில இன்னும் நெறைய ஊக்கு இருக்குதுங்கக்கா. நீங்க நிறுத்தாம அடிங்க.”

இறங்க மறுத்தது

தாழ்ப்பாள் எப்போதும் என் பக்கம் நின்றது என்று சொல்ல மாட்டேன். எங்கள் மலையில் ஊர்க்கூட்டத்தை நாடு என்போம்; அப்படி எடப்புளி நாட்டில் ஒரு சாவு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சாவுக்கு அடிக்கும்போது நாங்கள் கம்பிகளை இறக்கிவிடுவோம், மெதுவாக டொம் டொம் என்று கேட்க வேண்டும். போகிற வழியெல்லாம் மழை. அங்கே போய் ஊக்கைக் கழற்றி இறக்கப் பார்த்தால், பழைய துரு நனைந்து இறுகித் தாழ்ப்பாள் அசையவில்லை. குச்சியால் தட்டினேன், காலால் மிதித்துப் பார்த்தேன். நூலை அறுத்துவிடலாமென்றால் கத்தி தேடுவதற்குள் மாஸ்டர் ஊத ஆரம்பித்துவிட்டார். அடித்தேன். சாவு வீட்டில் கல்யாணச் சத்தம் பொரிந்தது. பாடையைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இறந்தவரின் தம்பி கையை ஓங்கிக்கொண்டு, “நிறுத்து” என்று வந்தார்.

கைகளை டிரம்மின் மேல் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் என் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த இறந்தவரின் மனைவி நிமிர்ந்து பார்த்து, கொழுந்தனைக் கையமர்த்தினார். அழுது அழுது அவர் குரல் கம்மியிருந்தது.

“எங்க பேண்டு கேட்டாலும் குறுக்க பூந்து ஆடுன மனுசன் அவரு. இன்னிக்கு மட்டும் எதுக்கு டொம்முனு அடிக்கோணும்? நீ அப்படியே அடி சாமி.”

புளியஞ்சோலையில் புது டிரம்

அதற்குப் பிறகு தாழ்ப்பாளுக்குத் தேங்காய் எண்ணெய் போட மறந்ததில்லை. ஆனால் மாஸ்டருக்கு மனசு ஆறவில்லை. மலைக்கு மறுபக்க அடிவாரத்தில் இருக்கும் புளியஞ்சோலைக் கோயில் திருவிழாவுக்குத் துறையூர்ப் பக்கமிருந்து பாஸ்கர் என்று ஒருவரைப் புது டிரம்மோடு வரச் சொல்லிவிட்டார். எனக்கு, “இந்த வாட்டி ஊட்டுல இரு” என்று தகவல் மட்டும் வந்தது. செட் மலையைச் சுற்றிக்கொண்டு வேனில் போனது. நான் டிரம்மைத் தலையில் வைத்துக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்தே இறங்கினேன். அவர்கள் வந்தபோது ஓடையில் கால் கழுவிக்கொண்டிருந்தேன்.

“உன்ன ஆரு கூப்புட்டா?” என்றார் மாஸ்டர். “செட்டுல இருந்து எடுத்தாச்சுன்னு நீங்க சொல்லலீங்களேண்ணா. இப்ப எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க, போயிர்றேன்” என்றேன். அவர் டிரம்பெட்டை எடுக்க வேனுக்குத் திரும்பினார். பாஸ்கர் தன் பளபளக்கும் டிரம்மோடு ஓரடி நகர்ந்து எனக்கு இடம் விட்டார். இரண்டு பேரும் சேர்ந்தே அடித்தோம். அவர் அடி என்னுடையதைவிடச் சுத்தம், அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் சாமி தேர் ஏறியபோது இரண்டு டிரம்மும் ஒன்றாகப் பொரிந்ததில், மாஸ்டர் ஊதுவதை நிறுத்திவிட்டு ஒரு சுற்று வெறும் டிரம்மையே விட்டார். எல்லாம் முடிந்து டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“அடுத்த கல்யாணத்துக்கு வேன்லயே வந்துரு. நடந்து வந்து எம்மானத்த வாங்காத.”

இத்தனை வருஷ டிரம் அடியில் நான் கண்டது, டிரம்மில் எது கழன்றாலும் முடுக்க ஒரு நட்டு எங்காவது கிடைத்துவிடுகிறது, நம்மைக் கழற்றிவிடப் பார்க்கிறவர்களிடம்தான் நாமே முறுக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.