ஆனந்தராஜாவின் கார்ட்டூன் சனிக்கிழமைகள்

ஆனந்தராஜாவுக்குக் குழந்தைப் பருவம் வந்தபோது வயது முப்பத்தெட்டு.

அதற்கு முன்னால் அது அவருக்கு வாய்க்கவில்லை. கொக்குவிலில் மூன்று தங்கைகளுக்கு மூத்தவராகப் பிறந்து, பத்து வயதில் தகப்பனை இழந்து, சிரிப்பதற்குக்கூட ஆள் பார்த்து, நேரம் பார்த்துச் சிரித்த மனிதர். 1974ஆம் ஆண்டு ஆனி மாதத்துத் தென் அரைக்கோளக் குளிரில் மனைவி இராஜேஸ்வரியோடும் ஏழு வயது மகள் கிரிஜாவோடும் மெல்பனுக்கு வந்தார். ஒரு தொழிற்சாலையில் படவரைஞர் வேலை. மல்கிரேவில் வாடகை வீடு. யாரோ பாவித்துக் கழித்த கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று. அந்தப் பெட்டி வழியாகத்தான் ஒரு சனிக்கிழமை காலையில் அவருடைய குழந்தைப் பருவம் வீட்டுக்குள் நுழைந்தது.

குற்றம் முழுவதும் எண்ணெயுடையது. சனிக்கிழமை எண்ணெய் வைத்து முழுகுவதை எந்தக் கண்டத்துக்குப் போனாலும் விடுவதாக ஆனந்தராஜாவுக்கு எண்ணமில்லை. நகரத்துச் சீனக் கடையில் கிடைத்த எள்ளெண்ணெயோ வறுத்த எள்ளில் பிழிந்தது. கறுப்பாக இருக்கும்; பூசிக்கொண்டால் நூடில்ஸ் பொரித்த சட்டியைப் போல ஆளே மணப்பார். அது ஊற ஒரு மணித்தியாலம் வேண்டும். இடுப்பில் கட்டிய வெறும் சாரத்தோடு முற்றத்தில் நின்றால் குளிர் எலும்பைக் கடிக்கும். ஹீற்றர் இருந்த ஒரே இடம் தொலைக்காட்சிக்கு முன்னால்தான். இராஜேஸ்வரி கம்பளத்தின் மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, உட்காரும் செற்றிக்கு எட்டாதபடி எல்லை வகுத்தாள்.

"செற்றியிலை ஒரு விரல் பட்டாலும் இண்டைக்கு உங்களுக்குச் சோறில்லை."

விரிப்புக்குப் பக்கத்தில் கிரிஜா குப்புறப் படுத்திருந்தாள். திரையில், தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்ட நரியொன்று வாத்து ஒன்றைத் துரத்திக்கொண்டிருந்தது.

"என்ன பிள்ளை இது? நரி ஏன் சட்டி போட்டிருக்கு?"

"வாத்து மேலையிருந்து கல்லுப் போடும், அப்பா. வெயிற்... வெயிற்..."

கல் விழுந்தது. கோயில் மணி நாக்கைப் போல நரி சட்டிக்குள் கிடந்து அதிர்ந்தது. மனிதருக்கு மூச்சடைத்துவிட்டது என்று பயந்து, குசினியிலிருந்து இராஜேஸ்வரி அகப்பையோடு ஓடிவந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பத்து வருடக் குடித்தனத்தில் அவள் கேட்டிராத சிரிப்பு அது.

அன்றிலிருந்து எத்தனை குளிர்காலங்கள்! விரிப்பில் அவர், கம்பளத்தில் மகள். அமெரிக்க மிருகங்கள் பேசும் வேகம் அவருக்குப் பிடிபடாது, கிரிஜாதான் மொழிபெயர்ப்பாள். இருவரும் ஒரே இடத்தில் சிரிப்பார்கள். பிறகு கலர் பெட்டி வந்தது. ஆனந்தராஜாவுக்குத் திருப்தியில்லை. "கறுப்பு வெள்ளை நரிக்கு இருந்த முகவெட்டு இதுக்கில்லை," என்று குறைப்பட்டார், பால்ய சிநேகிதன் வசதி வந்து மாறிவிட்டான் என்பதைப் போல.

1979ஆம் ஆண்டு, ஒரு வியாழக்கிழமை பின்னேரம், பன்னிரண்டு வயதுக் கிரிஜா ஒரு தாளை நீட்டினாள். நெட்போல் என்ற வலைப்பந்தாட்டக் குழுவில் சேரப் பெற்றோர் சம்மதக் கடிதம்.

"எப்ப விளையாட்டு?"

"எவ்ரி சாட்டர்டே, அப்பா. பத்து மணிக்கு. ஒன்பதரைக்கு அங்கை நிக்கவேணும்."

ஒன்பது மணி நரியின் நேரம். ஆனந்தராஜாவின் நெஞ்சில் யாரோ பாறாங்கல்லைத் தூக்கி வைத்தார்கள்.

"இந்தக் குளிருக்கை, முழங்கால் தெரியிற பாவாடையோடையோ?"

"ஓடினால் குளிராது."

"கணக்குப் பாடம்?"

"நைன்ரி டூ எடுத்தனான்."

"மிச்சம் எட்டும் எங்கை?"

குசினி வாசலில் நின்ற இராஜேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. "இஞ்சேருங்கோ, பிள்ளைக்குச் சளி வருமெண்டு பயப்பிடுறியளோ, உங்களுக்கு அழுகை வருமெண்டு பயப்பிடுறியளோ?"

"எனக்கேன் அழுகை வருது? வாசிச்சுப் பாத்துச் சொல்லுறன்."

பன்னிரண்டு வரிக் கடிதத்தை அவர் இரண்டு நாள் வாசித்தார். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது, "நீயே சைன் வையன்," என்று மனைவியிடம் தள்ளிப் பார்த்தார். "மறிச்சது நீங்கள். விடுறதையும் நீங்களே விடுங்கோ," என்று அவள் கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை, எண்ணெய் பூசிக்கொண்டு விரிப்பில் உட்கார்ந்தார். பழைய கார்ட்டூன், சட்டி போட்ட அதே நரி. கிரிஜா தலைமுடியை இறுக்கிக் கட்டி, விளையாட்டுச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, செற்றியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"பிள்ளை, கல்லு வரப்போகுது! வெயிற், வெயிற்!" என்று தேவைக்கு மேல் உற்சாகப்பட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னப்பிள்ளை ஒன்று விளையாடி முடிக்கட்டும் என்று பக்கத்தில் காத்திருக்கும் பெரியவர்களின் பொறுமை அந்தக் கண்களில் இருந்தது. ஐந்து வருடமாக ஒரே கம்பளத்தில் இருந்தும், அவள் எப்போது எழுந்து தன்னைத் தாண்டிப் போனாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

கல் விழுவதற்கு முன்பே அவர் எழுந்துவிட்டார்.

"இஞ்சேர், பேனை எங்கை?"

கையொப்பம் விழுந்த இடமெல்லாம் எண்ணெய் ஊறி, தாள் கண்ணாடியானது. இனி முழுகுவதற்கு நேரமில்லை. சாரத்துக்கு மேல் ஓவர்கோட், தலையில் கம்பளித் தொப்பி.

"கடவுளே, இந்தக் கோலத்திலையோ?" என்றாள் இராஜேஸ்வரி.

"அப்பா, காரை விட்டு இறங்கக்கூடாது. ப்ராமிஸ்?" என்றாள் கிரிஜா.

"ப்ராமிஸ்."

மைதானத்தில், பயிற்சியாளர் பெண்மணி அந்தக் கடிதத்தை இரண்டு விரலால் பிடித்து முகர்ந்து பார்த்தார். கிரிஜா வானத்தைப் பார்த்தாள்.

ஆட்டம் தொடங்கியபின் ஆனந்தராஜா பதினொரு நிமிடம் வாக்குத் தவறாமல் இருந்தார். பிறகு பந்து கிரிஜாவின் கைக்கு வந்தது. அவளுக்கு முன்னால் வெளி. பின்னால் தடித்த பெண்ணொருத்தி துரத்திக்கொண்டு வந்தாள். அவ்வளவுதான். கார்க் கதவு திறந்தது எப்படி, அவர் வேலிக்கு வந்தது எப்படி என்று அவருக்கே தெரியாது.

"ஓடு பிள்ளை! ஓடு! ஓடு!"

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நெட்போலில் ஓடக்கூடாது என்பது அவருக்குத் தெரியாது. கிரிஜாவுக்குத் தெரியும். ஆனால் அந்த மைதானத்தில் அந்தத் தமிழ் விளங்கிய ஒரே ஆள் அவள். மூளையைக் கேட்காமலே கால்கள் அப்பாவின் சொல்லைக் கேட்டன. நாலு எட்டு வைத்திருப்பாள், விசில் ஊதியது. பந்து எதிரிகளின் கைக்குப் போனது.

"அப்பா! ஓடக்கூடாது!" அவளுடைய முகம் சிவந்துவிட்டது.

"ஓடாமல்? அவள் பறிக்கப் போறாளே!"

கோபமாகத் திரும்பியவள் அவரை முழுதாகப் பார்த்தாள். தொப்பி எங்கேயோ போயிருந்தது. தலை பளபளத்தது. காற்றில் சாரம் ஒரு பக்கம், கோட் ஒரு பக்கம். இரண்டையும் பிடிக்க இரண்டு கைகள் போதாமல் மனிதர் தத்தளித்துக்கொண்டிருந்தார். அவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரிக்கத் தொடங்கினாள். நடுவர் மறுபடி விசில் ஊதியும் அவளால் நிமிர முடியவில்லை. என்ன வேடிக்கை என்று தெரியாமலே ஆனந்தராஜாவும் வேலியைப் பிடித்தபடி சிரித்தார்.

பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தாய் ஒருத்தி எண்ணெய் மணத்துக்குச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டு, இதில் எது உங்கள் மகள் என்று கேட்டாள்.

"பிழை விட்டவள்," என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கையை நீட்டிக் காட்டினார், மேடையில் பரிசு வாங்கியவளைக் காட்டுவதுபோல.