இடது ஓரத்துச் சப்பாத்து

அமெரிக்காவில் இருக்கும் என் மகன் ஞாயிறு தவறாமல் தொலைபேசியில் கூப்பிடுகிறான். சுகம் விசாரித்து முடிந்ததும் பந்துக் கதை தொடங்கிவிடும். அந்த நாட்டில் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குப் பெயர் ஃபுட்போல். தலையில் சட்டி மாதிரி ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டு ஒருவரை ஒருவர் மோதி விழுத்துகிறார்கள். அதற்குச் சம்பளமும் உண்டு. இவனுடைய ஊர் அணி தோற்றுக்கொண்டே இருக்கிறதாம். ஆட்டக்காரர்கள் சரியில்லையா, கோச்சர் சரியில்லையா என்று இவனுக்கும் கூட்டாளிகளுக்கும் ஓயாத சண்டை.

"அப்பா, நீங்களும் விளையாடின ஆள்தானே, சொல்லுங்கோ. திறமை பெரிசா, பயிற்சி பெரிசா?"

"ரெண்டும் வேணுமடா" என்று சொல்லி வைத்துவிடுவேன். எனக்கு அலுத்துப்போன கேள்வி இது. இவன் பிறப்பதற்கு முன்பே, கொழும்பில், கொட்டாஞ்சேனைத் தேத்தண்ணிக் கடையில் இதே கேள்வியை வைத்துக்கொண்டு நாங்கள் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறோம்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து துறைமுகத்தில் கப்பல்கள் குறைந்த நேரம். வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை. நான் வெள்ளவத்தையில் ஓர் அறையில் இருந்துகொண்டு, துறைமுகத்துக்குப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் தற்காலிகக் கிளாக்கராக இருந்தேன். துரைக்குப் பந்துப் பைத்தியம். நன்றாக ஆடுகிறவனைக் கண்டால் வேலையில் போட்டுவிடுவார். கிட்டங்கியில் மூட்டை எண்ண வந்த ஜிந்துப்பிட்டிக்காரன் ஒருவனும் அப்படி வந்தவன்தான். அவனும் தற்காலிகம். அணியில் அவன் இடது ஓரத்து ஆட்டக்காரன். அதே இடத்துக்கு நான் மாற்று ஆள்.

அவனைப் பற்றி என்ன சொல்ல? பந்து அவன் சொல் கேட்கும். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற வெள்ளைக்காரன் ஒருவரைக் கோச்சராகப் பிடித்து வந்தார் துரை. அவர் கரும்பலகையில் கோடு கோடாகக் கீறுவார். நான் அதைத் தமிழில் சொல்லுவேன். சொல்லி முடிக்குமுன்பே அவன் செய்து காட்டிவிடுவான். எனக்கோ, நானே மொழிபெயர்த்தது கால்களுக்குப் போய்ச் சேர ஒரு மாதம் பிடிக்கும். "மற்றவர்களை நான் ஆட்டக்காரராக ஆக்கவேண்டும், இவன் ஆகியே வந்திருக்கிறான்" என்று கோச்சர் ஒருநாள் சொன்னார். அதையும் நான்தான் அவனுக்குச் சொல்லவேண்டியிருந்தது.

அப்போது பாதிப் பேர் வெறுங்காலோடுதான் ஆடுவோம். கோச்சர் அதை விடவில்லை. பதினொருவருக்கும் சப்பாத்து வந்தது. மாற்று ஆட்களுக்கு இல்லை. அவன் ஒரு வாரம் முனகினான், பிறகு சப்பாத்தோடும் முன்போலவே பறந்தான்.

இறுதி ஆட்டம் நெருங்கியபோது துரை சொல்லிவிட்டார்: மாதக் கடைசியில் தற்காலிகம் எல்லோருக்கும் வேலை நிற்பாட்டு; ஆனால் கோப்பை வந்தால், ஆடின பதினொருவரும் நிரந்தரம். அவன் மனைவிக்கு அப்போது நிறைமாதம். ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலில் போய் நேர்ந்துகொண்டான். வேலை நிரந்தரமாக வேண்டும், அதற்காக ஆடிவேல் திருவிழா முடியுமட்டும் காலில் செருப்போ சப்பாத்தோ போடுவதில்லை. ஆட்டம் ஆடிவேலுக்கு முந்திய வாரம்தானே என்று நம்பி, விரதத்தைக் கொடியேற்றத்திலிருந்து வைத்துக்கொண்டான். மழை பெய்து மைதானம் குளமானது. ஆட்டத்தை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். வேல் வாரத்திலேயே வந்து விழுந்தது.

அன்றைக்கு வெறுங்காலோடு வந்து நின்றான். நான் கோச்சரிடம் விளக்கினேன். அவர் கெட்ட மனுசன் இல்லை, முழுவதையும் கேட்டார். எதிரணி முழுக்கப் பட்டாளத்துக்காரர்கள், அடியில் ஆணிக்குமிழ் வைத்த சப்பாத்துகள், தரை வேறு சேறு. "இவன் விரல்கள் நசுங்கினால் அந்தக் கடவுள் வந்து எனக்குப் பதில் சொல்வாரா என்று கேள்" என்றார். சப்பாத்து இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை.

நான் அவனைத் தனியே கூட்டிக்கொண்டு போனேன்.

"தம்பி, ஒண்டரை மணித்தியாலம்தானே. முருகன் கோவிக்கமாட்டார். போட்டுக்கொண்டு ஆடு."

"வேலையக் குடுன்னு அவர்கிட்டதானே கேட்டேன் அண்ணே. அந்த வேலைக்காக அவருக்கே பொய் சொல்லவா?"

உண்மையாகத்தான் கெஞ்சினேன். ஆனால் அவன் தலையாட்டிவிடுவானோ என்று உள்ளுக்குள் பயந்ததும் உண்மைதான். எனக்கும் மாதக் கடைசியில் நிற்பாட்டு.

அவனுடைய சப்பாத்தைத்தான் எனக்குக் கொடுத்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெரிது. அவனே குந்தியிருந்து, பழைய பேப்பரைக் கசக்கி முனையில் அடைத்து, கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டான். "கரும்பலகையில இருக்கிறத மட்டும் செய்யுங்கண்ணே, புதுசா ஒண்ணும் பண்ணாதீங்க" என்றான்.

அப்படியே செய்தேன். ஓரத்தில் நில், பந்தை வாங்கு, நிமிர்ந்து பார்க்காமல் நடுவுக்குத் தள்ளு. ஒருதரம் தள்ளினது கோலில் முடிந்தது. பார்க்க அழகான ஆட்டம் இல்லை. அதுவே போதுமாக இருந்தது, ஜெயித்துவிட்டோம். எல்லோரும் துரையைச் சுற்றி நின்று கத்தினார்கள். அவன் சேற்றில் நடந்து வந்து என் முதுகில் தட்டினான்.

"நேர்ந்துகிட்டது பலிச்சிருச்சு அண்ணே. முருகன் ஆளைத்தான் மாத்திப்புட்டாரு" என்று சொல்லிச் சிரித்தான். நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினேன்.

இரண்டு நாள் கழித்து வேல் ரதம் காலி வீதி வழியாக வெள்ளவத்தைக்கு வந்தது. சனத்துக்குள் அவனும் வந்தான். நெற்றி நிறைய விபூதி, வெறுங்கால். வேலை கிடைக்கவில்லை என்று நேர்த்தியை விடவில்லை. அவன் பின்னால் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தாள். என்னைக் கண்டதும் கையை உயர்த்திக் காட்டினான். நான் காலில் கிடந்த செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். ஏன் கழற்றினேன் என்று தெரியவில்லை. மாதக் கடைசியோடு அவனை நிற்பாட்டிவிட்டார்கள். மூட்டை தூக்கப் போய்விட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான் அதே கந்தோரில் அதே கதிரையில் இருந்து பென்சன் வாங்கினேன். அந்தச் சம்பளத்தில்தான் இவன் படித்தான், கப்பலேறினான், இப்போது ஞாயிறு தவறாமல் கேள்வி கேட்கிறான். ரெண்டும் வேணுமடா என்கிறேன். ரெண்டும் இருந்த ஒருவனுடைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஆடித்தான் உன்னைப் படிப்பித்தேன் என்று அவனுக்கு இன்னும் சொல்லவில்லை.