காலரில் ஒரு சிவப்புத் தையல்

அப்பா இறந்த இரண்டாவது மாதம், அவர் இளவயதில் கால்பந்து ஆடிய கிளப்பின் செயலாளர் காக்ஸ் டவுனிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆண்டு விழா மேட்சுக்கு அந்தக் காலத்து ஜெர்சியையே தைத்துப் போடப் போகிறார்களாம். மற்றவர்கள் வீட்டில் எதுவும் மிஞ்சவில்லை. அப்பாவுடையது டிரங்குப் பெட்டியில் இருந்தது.

நான் ஏழாவதோடு நின்றவள். லிங்கராஜபுரத்தில் ஒரு தையல் கடையில் வேலை. அப்பாவின் சட்டையே சாம்பிளாக, ஆர்டர் எங்கள் கடைக்கே வந்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. நீலச் சட்டை, வெள்ளைக் காலர். காலரின் பின்பக்கம் சிவப்பு நூலில் ஒரு பெருக்கல் குறி. அப்பாவுக்குச் செய்வதாக நினைத்து, அதையும் விடாமல் எல்லாச் சட்டையிலும் நானே போட்டேன்.

ஒன்றை அம்மாவிடம் காட்டக் கொண்டுபோனேன். அவள் காலரைத் திருப்பிப் பார்த்தாள்.

"இத யாருடி போடச் சொன்னது?"

"அப்பாதுல இருந்துச்சே. டிசைனு."

"டிசைனா? நம்ம தெருப் பசங்க போட்டது தோய்க்கும்போது மத்தவங்களுதோட ஒண்ணா ஊறக் கூடாதுன்னு கிளப்புல போட்ட அடையாளம்டி. உங்கப்பா கோல் போட்டா தூக்கி வச்சிக்கினு ஆடுவானுங்க. சட்டைய மட்டும் வீட்டுக்கு அனுப்பிடுவானுங்க. நான்தான் தோச்சேன்."

மறுநாள் செயலாளர் கடைக்கு வந்தார். "சக்கத்தா இருக்கும்மா. இந்தச் சிவப்புதான் தூக்கலு!"

முதலாளி இருந்தார், கட்டிங் மாஸ்டர் இருந்தார். உண்மையைச் சொன்னால் நாங்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். கடையில் எல்லோரும் டிபன் பாக்ஸை நடுவில் வைத்துப் பகிர்ந்துதான் சாப்பிடுவோம். யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

"சார், அந்த நூலு சாயம் போவும். வெள்ளைக் காலர் கெட்டுடும். பிரிச்சிடவா?"

"அய்யோ, மொதல்ல பிரிம்மா!"

"சாம்பிள்லயும் எடுத்துடு, மேடையில வைக்கப் போறாங்க" என்றார் முதலாளி. அப்பாவுடையதிலும் எடுத்தேன்.

விழாவில் எங்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அப்பாவின் சட்டை கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. செயலாளர் அதைத் தூக்கிக் காட்டி மைக்கில் பேசினார்: "அந்தக் காலத்துலயே நம்ம கிளப்புல பேதம் கிடையாது. எல்லாருக்கும் ஒரே சட்டை. நீங்களே பாருங்க!"

அம்மா என் தொடையில் தட்டினாள். "எழுந்து சொல்லுடி."

"எல்லாரும் பாக்குறாங்கம்மா."

"பாக்கட்டுமே."

செயலாளர் மேடையிலிருந்து எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.