மைக் செட்காரர் தந்த பாட்டுகள்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு வேலைக்குப் போகும் காலை பஸ்ஸில்தான் அந்த மைக் செட்காரரைப் பார்ப்பேன். ஒல்லியான மனிதர், இடது காதில் எப்போதும் பஞ்சு. இயர்போனின் ஒரு முனையை வேட்டியில் துடைத்து என்னிடம் நீட்டுவார்.

"இதக் கேளுங்க சார், உங்களுக்குப் பிடிக்கும்."

ஒருநாள் ராப், மறுநாள் கஜல், இன்னொரு நாள் எந்த ஊர்க்காரர்கள் பாடியதென்றே தெரியாத இண்டி ராக். கிதாரும் கரகரத்த குரலுமாக இருந்த அந்தப் பாட்டு ஒரு வாரம் என்னை விடவேயில்லை.

"எங்க அண்ணாச்சி இதெல்லாம் பிடிக்கிறீக?" என்று கேட்டேன்.

"துட்டி வீட்டுக்கு செட்டு கட்டப் போவேம்லா. இப்பல்லாம் செத்தவுக போனையே கையில குடுத்து, அவுகளுக்குப் பிடிச்சதப் போடச் சொல்லுதாக. நல்ல பாட்டா இருந்தா நானும் ஏத்திக்கிடுவேன். அந்த கிதாருப் பாட்டு சுந்தரபாண்டியத்துல ஒரு புள்ள போன்ல இருந்தது. இருபத்திரெண்டு வயசு."

நான் காதிலிருந்த முனையைக் கழற்றிவிட்டேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இறங்கும்போது மட்டும் திரும்பிச் சொன்னார்.

"சில பேரு போனு தொறக்கவே மாட்டேங்கு சார். லாக் நம்பர வீட்டுல யார்ட்டயாவது சொல்லி வைங்க."

மனைவியிடம் லாக் நம்பரைச் சொல்லிவிட்டேன். இப்போது போனில் புதுப் பாட்டு ஏற்றும்போதெல்லாம், இது மைக் செட்காரருக்குப் பிடிக்குமா என்று ஒரு கணம் யோசிக்கிறேன்.