எலி டாக்டர் பழி தீர்த்த கதை

ஜார்ஜ் டவுனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கு ஸ்ட்ரோக் வரவைப்பதுதான் ஜெகதீஸ்வரியின் வேலை. கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டுமே! மனிதனுக்கு மருந்து வேண்டுமென்றால் அந்தப் பாவத்தையும் யாராவது சுமந்துதானே ஆகவேண்டும். எலியை மயக்கி, கழுத்தைச் சின்னதாகக் கீறி, ரத்தக்குழாய்க்குள் முனை மழுங்கிய நைலான் நூலை ஏற்றுவாள். மூளைக்குப் போகும் ரத்தத்தை நூல் அடைத்துக்கொள்ளும். சீக்கிரம் உருவினால் எலி மறுநாள் ஓடும். தாமதித்து உருவினால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வட்டம் சுற்றும். உருவாமலே விட்டால் பெரும்பாலும் தேறாது. நேரம்தான் எல்லாம் என்பது அவள் கண்கூடாகக் கண்டது.

அண்ணன் மோகனராஜுக்கு அது கிண்டல். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில்தான் அவன் சூப்பர்வைசர். வாயோ ஊருக்கே சூப்பர்வைசர். தங்கையை ‘எலி டாக்டர்’ என்றுதான் எல்லாரிடமும் சொல்வான்.

அண்ணன் வீட்டில் இருந்த அப்பா அய்யாக்கண்ணு ஒருநாள் காலையில் காப்பி குடிக்கும்போதே வாய் கோணிச் சாய்ந்தார். நோயாளியை அசைத்தால் மூளையில் நரம்பு வெடித்துவிடும், பத்து விரலிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் சரியாகிவிடும் என்று அண்ணனுக்கு வாட்சாப்பில் வந்திருந்தது. அதை வேதவாக்காக நம்பி அப்பாவை நாற்காலியிலேயே வைத்துக் குத்தினான் அந்த மகராசன். காது மடலையும் விடவில்லை. பிறகு உருட் பிடித்து நீவிவிடுகிறவரைக் கூட்டிவந்து கை காலைத் தேய்க்கவிட்டான். ஜெகதீஸ்வரிக்குப் போன் போனது மத்தியானம். ஏன் உடனே சொல்லவில்லை என்று அவள் கத்தியதற்கு, “எலிக்குப் பாக்குறவ மனுசனுக்கு என்னா செய்வ?” என்றான். படுபாவி!

அப்பாவுக்கு அதன்பின் பேச்சே வரவில்லை. வலது கை நெஞ்சோடு மடங்கிவிட்டது. ஸ்ட்ரோக் வந்த அவளுடைய எலிகளை வாலைப் பிடித்துத் தூக்கினால் முன்னங்கால் அப்படித்தான் மடங்கும். படுக்கையிலேயே கிடந்து போய்ச் சேர்ந்தார். சாவு வீட்டில் அண்ணன் எல்லாரிடமும் விதி என்றான். விதியாம் விதி! இவனுக்கும் ஒரு நாள் வரும், அன்றைக்கு நான் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று அவள் கறுவிக்கொண்டாள்.

வந்தது. அப்பாவின் முதல் திவசத்தன்று, அண்ணனின் சிம்பாங் அம்பாட் வீட்டில் படையலுக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்த மோகனராஜின் கையிலிருந்து தட்டு நழுவியது. வாய் கோணியது. கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான். அண்ணி தனுஜா அடித்துப் பிடித்து ஊசியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

ஜெகதீஸ்வரி பார்த்துக்கொண்டு நின்றாள். பொய் எதற்கு, நின்றாள்தான். குத்தட்டும், உருட் பிடிக்கட்டும், மத்தியானம் ஆகட்டும். அவளுக்கு வயிறு குளிர்ந்தது. ஆனால் மோகனராஜ் ஊசியைக் கண்டதும் நல்ல கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். குழறிய நாக்கால், “ஆஸ்பத்திரி... ஜெகா...” என்றான்.

அப்பாவுக்கு ஊசி, இவனுக்கு ஆஸ்பத்திரியா? அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. இவன் படுத்துவிட்டால் ஊரே வந்து ‘பாவம் மோகன்’ என்று உச்சுக்கொட்டும். வாய் பேசாதவனை நறுக்கென்று ஒரு கேள்வி கேட்க முடியுமா? கூடாது. இவனுக்கு நாக்கும் காலும் புத்தியும் முழுசாக இருக்கவேண்டும்.

ஊசியைத் தட்டிவிட்டு, அண்ணனைத் தன் காடியின் பின்சீட்டில் ஏற்றிப் பறந்தாள். ஆஸ்பத்திரியில் மூளையைப் படம் பிடித்து, அடைப்பைக் கரைக்கும் மருந்தை உடனே ஏற்றினார்கள்.

சில நாளில் மோகனராஜ் எழுந்து நடந்தான். அவள் பார்க்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நீ இல்லாவிட்டால் நான் போயிருப்பேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

“என்னைய மன்னிச்சிட்டதானே, ஜெகா?”

“வலது கையத் தூக்குண்ணே.”

தூக்கினான். தலைக்கு மேலே போனது.

“அப்பாவுக்கும் இப்படித் தூக்க வந்திருக்கும். பேச்சும் வந்திருக்கும். அன்னைக்குக் காலையில எனக்கு ஒரு போன் போட்டிருந்தா போதும்லா. இது தெரிஞ்சு நீ ரொம்ப நாள் வாழணும். அதுக்குத்தான் காப்பாத்துனேன். மன்னிக்கல.”

மோகனராஜ் தூக்கிய கையை இறக்கவும் மறந்து உட்கார்ந்திருந்தான். ஜெகதீஸ்வரி பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அப்பா விழுந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவளுக்கு நன்றாகப் பசித்தது.