ஆறு லைஃப் ஜாக்கெட்டும் ஒரு போர்வையும்

போன மாதம் நான் பேரிடர் மீட்புத் தன்னார்வலர் ஆகிவிட்டேன். சிரிக்காதீர்கள். சான்றிதழ் இருக்கிறது. ஃபிரேம் போட்டு டிவிக்கு மேலே மாட்டியும் விட்டேன்.

கிள்ளானில் எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, வெள்ளம் ஒன்றும் புதிதல்ல. அடைமழையும் கடல் பெருக்கும் ஒரே நாளில் வந்தால் போதும்... கால்வாய் கதவைத் தட்டாமலே வீட்டுக்குள் வந்துவிடும். அதனால் எங்கள் குடியிருப்போர் சங்கம் ஒரு நாள் பயிற்சி ஏற்பாடு செய்தது. மண்டபத்தில், காலை ஒன்பது மணிக்கு.

பயிற்சி கொடுக்க வந்தவர் காதர் அண்ணன். தீயணைப்புப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், பந்திங் ஊர்க்காரர். மனிதர் எட்டே முக்காலுக்கே வந்துவிட்டார். நம்மவர் நிகழ்ச்சிகளுக்கு அதிகம் போய்ப் பழக்கமில்லை போலும்.

திறந்துவைக்க வேண்டிய டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் வந்தது பதினொரு மணிக்கு. அவர் வராமல் தொடங்க முடியுமா? வெள்ளமே வந்தாலும், டத்தோ குத்துவிளக்கு ஏற்றும் வரை வாசலில் காத்திருக்க வேண்டும். அதுதானே நம் பண்பாடு!

கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை. அப்புறம் பொன்னாடை. மேடையில் இருந்தவர்கள் மேடையில் இருந்தவர்களுக்கே மாற்றி மாற்றிப் போர்த்திக்கொண்டார்கள். தியாகம் பற்றி டத்தோ முக்கால் மணி நேரம் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த நாங்களும் கொஞ்சம் தியாகம் செய்தோம்.

அடுத்து போட்டோ. லைஃப் ஜாக்கெட் மொத்தம் ஆறுதான். நாங்கள் நாற்பது பேர். ஆறு ஆறு பேராக மாட்டி, சிரித்து, கழற்றி அடுத்தவருக்குக் கொடுத்தோம். ஒன்று மட்டும் உறுதி... லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றுவதில் எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இதெல்லாம் முடிந்து காதர் அண்ணனுக்குக் கிடைத்தது அரை மணி நேரம். பொம்மையை வைத்து நெஞ்சை எப்படி அழுத்துவது என்று காட்டினார். இரண்டு பேர் அழுத்திப் பார்த்தார்கள். மற்றவர்கள் வீடியோ எடுத்தார்கள்.

அப்போதுதான் கமலா எழுந்தார். எங்கள் வரிசையில் கடைசி வீடு, வீட்டிலேயே தையல் வேலை.

"அண்ணே, என் வீட்டுக்காரரு ஸ்ட்ரோக் வந்து படுத்த படுக்கையா இருக்காரு. மாடி இல்லாத வீடு. தண்ணி வந்துட்டா அவர எப்படிண்ணே தூக்கறது?"

காதர் அண்ணன் முகம் மலர்ந்தது. காலையில் இருந்து இப்படி ஒரு கேள்விக்குத்தான் காத்திருந்தார் போல.

"நல்ல கேள்விம்மா. ஒரு போர்வை, நாலு பேரு, போதும். வாங்க, செஞ்சே காட்டறேன்."

பையில் இருந்து போர்வையை எடுத்து உதறினார். அதற்குள் சங்கச் செயலாளர் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"அண்ணே, பிரியாணி ஆறுது லா! சாப்பிட்டுட்டு இத பாத்துக்கலாம்."

கூட்டம் எழுந்தது. வரிசையில் முதல் ஐந்து பேரில் நானும் ஒருவன். மறைப்பானேன்? சாப்பிட்டதும் சான்றிதழ், சான்றிதழ் வாங்கியதும் வீடு. போர்வையை மடித்துக்கொண்டிருந்த காதர் அண்ணனிடம் கமலா போன் நம்பர் வாங்குவதைப் பார்த்தேன். விடாக்கண்டிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை. நான் தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டில் இருந்தேன். தன்னார்வலர் வாட்ஸ்அப் குழுவில் கமலாவின் செய்தி வந்தது:

"வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. கட்டில தொட போவுது. அவர தூக்க ஆள் வேணும். யாராச்சும் வாங்க ப்ளீஸ்."

பயிற்சி பெற்ற படை உடனே களத்தில் இறங்கியது... வாட்ஸ்அப்பில்தான். "முருகன் துணை." "ஸ்டே சேஃப் சிஸ்டர்." கும்பிடும் கைப்படங்கள் வரிசை கட்டி வந்தன. செயலாளர், "போட்டோ இருந்தா போடுங்க, தலைவருக்கு அனுப்பணும்" என்றார். நடுவில் ஒருவர், பயிற்சியில் கொடுத்த டி-ஷர்ட்டை எக்ஸ்எல்லாக மாற்றித் தருவார்களா என்று கேட்டார்.

நான்? நானும் ஒரு கும்பிடு போட்டேன். கிள்ளானில் இருக்கும் ஒருவருக்காவது போன் செய்து, "போய்ப் பாருங்கள்" என்று சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டேன்.

மறுநாள் தண்ணீர் வடிந்திருந்தது. போய்ப் பார்த்தேன். கமலா வாசலில் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் எதிர் வீட்டு மாடியில் பத்திரமாக இருந்தார்.

"எப்படிம்மா?"

"காதர் அண்ணனுக்கு போன் அடிச்சேன். பந்திங்லருந்து வந்து சேர நேரமாவும்னாரு. ஸ்பீக்கர்ல போட்டு ஒவ்வொண்ணா சொன்னாரு. பக்கத்து வீட்டு வங்காளதேசி ஆளுங்க மூணு பேரு நைட் ஷிப்ட் முடிச்சி தூங்கிட்டு இருந்தாங்க. கதவ தட்டுனேன். அவங்களும் நானும்தான் தூக்குனோம்."

அவர்களுக்குத் தமிழ் தெரியாது. காதர் அண்ணன் சொல்லச் சொல்ல, கமலா தன் மலாயில் எடுத்துச் சொல்லியிருக்கிறார். பயிற்சிக்கு அந்த வீட்டை நாங்கள் அழைக்கவே இல்லை. அழைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. போர்வையை எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டேன். துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, கொடியில் கிடந்த ஈரப் போர்வையை எடுத்து விரித்தார். இரண்டு ஓரத்தையும் உடம்பை ஒட்டினாற்போல் சுருட்ட வேண்டும், அந்தச் சுருளைத்தான் பிடிக்க வேண்டும், ஒரே நேரத்தில் எழ வேண்டும். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஏதாவது சொல்லியாக வேண்டுமே. "நேத்து பிரிக்பீல்ட்ஸ்ல மாட்டிக்கிட்டேம்மா... அதான் மெசேஜ் மட்டும் போட்டேன்" என்று இழுத்தேன்.

கமலா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"பாத்தேண்ணே, உங்க கும்பிடு வந்துச்சு. திருப்பி கும்பிடலாம்னா, ரெண்டு கையும் போர்வையில இருந்துச்சு."